ஜாலி ஆடினால் பூஞ்சை போகாது

வணக்கம், நேயர்களே. குளியலறைச் சுவரின் அடியில் கறுப்பாகப் படருமே பூஞ்சை, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள் நம் கடற்கரையில் நிறையப் பேர். தேய்த்த அன்று பளிச்சென்று இருக்கும். சில நாளிலேயே அதே மூலை மறுபடி கறுத்துவிடும். தேய்த்ததில் குறை இல்லை. டைல்ஸுக்கு அடியில் ஓதம், அதாவது ஈரம், நிற்கிறது. அங்கே தண்ணீர் இறங்கும் வழி, பெரும்பாலும் தரையில் ஆடிக்கொண்டிருக்கும் ஜாலியின், அதாவது வடிகால் வாயை மூடும் துளைத் தட்டின், ஓரம்தான். அதனால் முதலில் வடிகால், பிறகுதான் பூஞ்சை.

ஜாலி ஏன் ஆடுகிறது? கடலுக்குப் போய்வந்தவர் குளித்தால் உப்பும் மணலும் சேர்ந்தே இறங்கும். ராமேஸ்வரம் விடுதிகளில் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு வருகிறவர்களின் காலோடு வரும் மணலும் அப்படித்தான். மணல் அடைத்துக்கொண்டால் ஜாலியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறோம். ஒவ்வொரு நெம்பலுக்கும் ஓரத்துச் சிமென்ட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இரும்புத் திருகு போட்டிருந்தால் உப்புத் தண்ணீரில் துருவேறிப் பருத்து, பிடித்திருக்கும் இடத்தையே உடைத்துவிடும்.

ஜாலியைக் கழற்றிவிட்டு, கீழே இருக்கும் நானி டிராப்பின் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் பிவிசி வடிகால் கிண்ணம்) வாயை இரண்டு விரலால் அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா? ஜாலியின் சட்டத்தை மட்டும் எடுத்து, பழைய கலவையைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்து இறுகவைக்கும் பசை) வைத்துப் பதித்தால் போதும். புதிதாக வாங்குவதென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட 316 ரக ஜாலி உப்பை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் இந்த ஊருக்கு அதுதான் சரி.

டிராப்பே அசைந்தால் தரையை உடைத்தாக வேண்டும். மேலே வெள்ளைச் சிமென்ட் பூசி மூடுவது ஏமாற்று வேலை. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். துணி சுற்றிய ரப்பர் அடைப்பானை டிராப்பின் வாய்க்குள் இறக்கி அடையுங்கள். ஜாலிமேல் துணியைப் போட்டு மூடினால் ஓரக்கசிவு தெரியாது. தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டையான பாத்திரத்திலும் தண்ணீர் வைத்துக் குறியிடுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தரைத் தண்ணீர் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால், அது ஆவியாகிப் போனதல்ல, கசிவு.

உடைக்கும்போது டிராப்பைச் சுற்றி மூன்று அங்குலம் கட்டர் போட்டு டைல்ஸை எடுங்கள். குழாய் ஜாயின்ட் விட்டிருந்தால் துடைத்து, சால்வென்ட் (பிவிசி குழாய் ஒட்டும் பசை) போட்டு ஒட்டுங்கள். இனி முக்கியமான இடம். பிவிசி வழவழப்பானது, சிமென்ட் அதில் பிடிக்காது. டிராப்பின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சால்வென்ட் தடவி, ஈரம் காயும் முன் உலர்ந்த மணலைத் தூவி ஒட்டவிடுங்கள். காய்ந்ததும் அந்த மணல்தான் கலவையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல். ஆற்று மணல் அல்லது எம் சாண்ட். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் அறவே கூடாது. தண்ணீரோடு எஸ்பிஆர் லேடெக்ஸை (சிமென்டில் கலக்கும் ரப்பர் பால்) டப்பாவில் சொன்ன அளவில் சேருங்கள். நான்கு அடிக்கு முக்கால் அங்குலமாவது ஜாலியை நோக்கி வாட்டம் வேண்டும். கொத்தனார் கண்ணளவில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மட்டக்கட்டை வைத்துப் பாருங்கள்.

அவசரப்பட்டு மூடாதீர்கள். உடைத்த இடத்தில் ஓர் அடிச் சதுரம் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஓதம் இன்னும் போகவில்லை. அதன்மேல் எபாக்சி போட்டால் ஓதம் சுவர்ப்பக்கம் ஏறிவிடும்.

இப்போது பூஞ்சை. டைல்ஸுக்கு நடுவே கறுத்த ஜாயின்டை ஊசியால் கீறுங்கள். மேலே மட்டும் கறுப்பென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 60 மில்லி திரவ பிளீச் கலந்து தடவி, பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஆசிடோடு பிளீச் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. உள்ளேயும் கறுத்திருந்தால் பிளீச் எட்டாது. ஜாயின்டை டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு எபாக்சி நிரப்புங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன். அங்கே எபாக்சி போட்டால் விரிசல் விடும்.

எல்லா வெள்ளையும் பூஞ்சையல்ல. ஜாயின்டில் வெள்ளைத் தூளாகத் தெரிந்தால் ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். கரைந்தால் பூத்த உப்பு. அதைக் காய்ந்த பிரஷால் கூட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும்.

வாடைக்காலத்தில் ஜன்னலை மட்டும் நம்பினால் காயாது. குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஜாலியை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கம்பியை வளைத்து இரண்டு கொக்கி செய்து துளைகளில் மாட்டி நேராகத் தூக்குங்கள். திரும்ப வைக்குமுன் சட்டத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே மணல் கிடந்தால் ஜாலி சரியாக உட்காராது. வணக்கம்.