ஒற்றைத் தொழிலை நம்பிய மலைநாடு: அப்பலாச்சியாவின் வளர்ச்சியும் பன்மையும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

அமெரிக்காவில் அப்பலாச்சியா என்று அழைக்கப்படும் மலைநாட்டின் பொருளாதார வளர்ச்சியையும் அங்குள்ள பன்மையையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில் தொடங்கி மிசிசிப்பி வரை, 13 மாநிலங்களில், நம் மாவட்டங்களைப் போன்ற 423 கவுன்டிகளாக விரிந்து கிடக்கும் அந்த நிலப்பரப்பு முழுவதையும் ஓர் உரையில் அடக்கிவிட முடியாது. ஆகவே அதன் நடுப்பகுதியில், கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியும் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியும் சேர்ந்த நிலக்கரி நாட்டிலேயே பெரும்பாலும் நின்று பேச விரும்புகிறேன். வளர்ச்சி, பன்மை என்று இரண்டு பொருள்களை எனக்குத் தந்திருந்தாலும், அந்த மலைகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அவை இரண்டும் ஒரே கேள்வியில்தான் போய் முடிகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. மலையில் விளைந்த செல்வம் யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே அந்தக் கேள்வி.

மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் மெக்டவல் என்றொரு கவுன்டி இருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கே 98,887 பேர் வாழ்ந்தார்கள். 2020-இல் எஞ்சியிருந்தவர்கள் 19,111 பேர். போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ வந்து அந்த மக்களைக் கொண்டுபோகவில்லை. அமெரிக்காவின் எஃகு ஆலைகளுக்கு வேண்டிய உயர்தர நிலக்கரியை அள்ளிக் கொடுத்த பூமி அது. 1950-இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் நிலக்கரி நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். இயந்திரங்கள் வருவதைச் சங்கம் எதிர்க்காது, அதற்கு ஈடாகத் தொழிலாளரின் மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்குமான நிதி உறுதிப்படும் என்பதே அதன் சாரம். அந்த நிதியிலிருந்து 1956-இல் மலைப்பகுதியில் பத்து மருத்துவமனைகள் எழுந்தன என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் மேற்கு வர்ஜீனியாவில் சுரங்க வேலை பார்த்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நிலக்கரி அதற்குப் பிறகும் வெட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை வெட்ட அத்தனை கைகள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். 1961 மே 29 அன்று, ஏழைகள் கடையில் உணவுப் பொருள் வாங்க உதவும் நாட்டின் புதிய உணவு முத்திரைத் திட்டத்தின் முதல் முத்திரைகளை வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் வந்து வழங்கியது இதே மெக்டவல் கவுன்டியின் தலைநகரான வெல்ச் ஊரில்தான். நாட்டுக்கே எரிபொருள் கொடுத்த ஊர் அடுப்பெரிக்க அரசின் கையை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது.

இந்த மலைகளில் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்தார்கள், அவர்களும் உலகத்தோடு ஒட்டாமல் ஒதுங்கிக் கிடந்தார்கள் என்றொரு சித்திரம் நெடுங்காலமாக நிலவுகிறது. அது உண்மையல்ல. கென்டக்கியின் ஹார்லன் கவுன்டியில் லிஞ்ச் என்ற ஊரை யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் துணை நிறுவனம் 1917-இல் தானே கட்டி எழுப்பியது. வீடும் கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. அலபாமாவிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்தார்கள்; ஹங்கேரியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. நிலக்கரி முதலாளிகள் பலர் இப்படிக் கலந்து ஆள் எடுப்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள்: மொழியும் நிறமும் வேறுபட்டால் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்குப் பல இடங்களில் பொய்த்தது. 1921-இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையை நோக்கித் துப்பாக்கியோடு அணிவகுத்த ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளர்களில் கறுப்பரும் வெள்ளையரும் குடியேறிய ஐரோப்பியரும் சேர்ந்தே இருந்தார்கள்.

வேலை குறைந்தபோது முதலில் வெளியேற நேர்ந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். சுரங்கத்தின் அடியில் கைவேலையில் வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். இயந்திரத்தை ஓட்டும் வேலை அவர்களில் மிகச் சிலருக்கே கொடுக்கப்பட்டது. 1940-க்கும் 1970-க்கும் இடையில் எல்லா நிறத்தவருமாகப் பல இலட்சம் பேர் டெட்ராய்ட், சின்சினாட்டி, கிளீவ்லாந்து, சிகாகோ என்று போனார்கள். லிஞ்ச் வட்டாரத்தை விட்டுப் போன கறுப்பினக் குடும்பங்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நகரத்தில் கூடுவதை வழக்கமாக்கிக்கொண்டன. ஊர் காலியான பிறகும் ஊர்க்காரர்களாகவே இருக்க அவர்கள் எடுத்த முயற்சியை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. 1991-இல் கவிஞர் ஃப்ராங்க் எக்ஸ். வாக்கர், ஆப்பிரிக்காவையும் அப்பலாச்சியாவையும் இணைத்து 'அஃப்ரிலாச்சியா' என்ற சொல்லைப் படைத்தார். தங்களைக் குறிக்க ஒரு சொல்லே இல்லாதிருந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் அது.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த உரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலத்தரகர்கள் மலைக்குடியானவர்களிடம் வந்து, மேல்மண் உங்களுக்கே இருக்கட்டும், அடியில் இருப்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று ஏக்கருக்குச் சொற்பக் காசு கொடுத்துப் பத்திரம் வாங்கிப் போனார்கள். கனிமத்தை எடுக்க வேண்டிய எதையும் செய்துகொள்ளலாம் என்று அந்தப் பத்திரங்களில் ஒரு வாசகம் இருந்தது. எழுதிக் கொடுத்தவரின் பேரன் காலத்தில் புல்டோசர்கள் வந்து மேல்மண்ணையும் தோட்டத்தையும் சேர்த்துப் பெயர்த்தபோது, நீதிமன்றங்கள் அந்த வாசகத்தைக் காட்டி அதற்கு அனுமதி அளித்தன. கென்டக்கி மக்கள் பல ஆண்டுகள் போராடி, 1988-இல் மாநில அரசமைப்பைத் திருத்தியே இதற்கு முடிவு கட்டினார்கள். வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேற்பட்டோர் அந்தத் திருத்தத்தை ஆதரித்தார்கள். அதற்கு முன்பே, 1970-களின் இறுதியில், ஊர் மக்களும் ஆய்வாளர்களுமாகச் சேர்ந்து ஆறு மாநிலங்களின் 80 கவுன்டிகளில் நிலப் பதிவேடுகளைப் புரட்டி, எது யாருக்குச் சொந்தம் என்று கணக்கெடுத்திருந்தார்கள். நிலமும் கனிமமும் பெரும்பகுதி வெளியூர் உரிமையாளர்களிடமும் நிறுவனங்களிடமும் குவிந்திருந்தன என்பதும், அவர்கள் கட்டிய வரி மிகச் சொற்பம் என்பதும் வெளிச்சத்துக்கு வந்தன. மாடு இந்த ஊரில் மேய்ந்தது, பால் வேறு ஊரில் கறக்கப்பட்டது. வரி வராத ஊரில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்? பள்ளிக்கூடம் சரியாக நடக்காத ஊருக்கு வேறு தொழில் எப்படி வரும்? நிலக்கரியைத் தவிர வேறு எதுவும் ஏன் அங்கே வேர்விடவில்லை என்பதற்கு மக்களின் சோம்பலையோ பண்பாட்டையோ காரணமாகச் சொன்னவர்கள், இந்தப் பதிவேடுகளை ஒருமுறையேனும் புரட்டியிருக்க வேண்டும்.

அரசு வாளாவிருக்கவில்லை. 1964 ஏப்ரலில் அதிபர் லிண்டன் ஜான்சன் கென்டக்கியின் மார்ட்டின் கவுன்டிக்கு வந்து, ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டு முகப்பில் அமர்ந்து பேசினார். 1965 மார்ச் 9 அன்று அப்பலாச்சிய வட்டார ஆணையம் சட்டப்படி அமைந்தது. அதன் பணத்தில் பெரும்பகுதி சாலைகளுக்குப் போயிற்று. ஏறத்தாழ 3,000 மைல் நீளத்துக்கு மலைச்சாலைகள் திட்டமிடப்பட்டன. 1960-இல் அந்த வட்டாரத்தில் பத்தில் மூவர் வறுமையில் இருந்தார்கள். இன்று அந்த விகிதம் பாதியளவுக்கு இறங்கியிருக்கிறது. இதைச் சிறுமைப்படுத்துவது நியாயமாகாது. ஆனால் எதிர்காலத்தில் வளரும் வாய்ப்புள்ள இடங்களில்தான் முதலீட்டைக் குவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்லியிருந்தது. அதனால் பள்ளத்தாக்கு நகரங்கள் செழித்தன. ஓடைக்கரைச் சிற்றூர்களுக்கோ, அந்தச் சாலை வெளியேறிப் போவதற்கு மட்டுமே பயன்பட்டது.

மாறுபட்ட ஓர் எடுத்துக்காட்டு நிலக்கரி நாட்டுக்குத் தெற்கே, வட கரோலினாவில் இருக்கிறது. 1838-இல் அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்கள் மேற்கே துரத்தப்பட்டபோது மலைகளில் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் கிழக்குச் செரோக்கிக் குழுவினர். 1997-இல் அவர்கள் சூதாட்ட விடுதி ஒன்றைத் திறந்து, இலாபத்தில் பாதியைக் குழுவின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மறுபாதி பொதுப்பணிகளுக்குப் போயிற்று. 1993 முதலே அந்த வட்டாரக் குழந்தைகளின் மனநலத்தைக் கவனித்துவந்த டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த வருமானத்தால் வறுமையிலிருந்து மேலேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைந்ததைக் கண்டார்கள். சூதாட்டத்தை நான் போற்றவில்லை. அதுவும் ஒற்றைத் தொழில்தான் என்ற அச்சமும் எனக்கு உண்டு. ஆனால் வருமானம் ஊரிலேயே தங்கியபோது குழந்தைகளின் முகம் மாறியது என்பதை மறக்கக் கூடாது. தங்கள் மொழியைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஒரு பள்ளியையும் அவர்கள் நடத்துகிறார்கள்.

நம்மவர்க்கும் இந்த மலைகளோடு ஒரு தொடர்பு உண்டு. உள்ளூரில் மருத்துவர்கள் போதாத கவுன்டிகளில் மூன்றாண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ளும் வெளிநாட்டு மருத்துவர்கள் அமெரிக்காவிலேயே தங்க அந்த வட்டார ஆணையம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் படித்த மருத்துவர்கள் பலர் அந்த மலைகளில் பணிபுரிந்திருக்கிறார்கள். 1980-களில் டென்னசியின் ஜான்சன் சிட்டியில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பரிவோடு கவனித்த ஏபிரகாம் வர்கீஸ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இப்போது கென்டக்கியின் ஜாக்சன் கவுன்டிக்கு வருவோம். அதன் தலைநகர் மெக்கீ. ஆயிரம் பேர் கூட இல்லாத ஊர். அங்கே தொலைபேசி வசதியைத் தருவது, சந்தாதாரர்களே உரிமையாளர்களாக உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம். நடுவண் அரசின் மானியத்தையும் கடனையும் கொண்டு, ஜாக்சன், ஆவ்ஸ்லி ஆகிய இரு கவுன்டிகளிலும் வீடுதோறும் கண்ணாடியிழை இணையத்தை அந்தச் சங்கம் கொண்டுசேர்த்தது. வண்டி ஏற முடியாத சரிவுகளில் வடத்தை இழுத்துச் சென்றது ஒரு கோவேறு கழுதை. இன்று அந்த வீடுகளிலிருந்தே நூற்றுக்கணக்கானோர் தொலைதூர நிறுவனங்களுக்கு வேலை பார்க்கிறார்கள். மைல் ஒன்றுக்கு எத்தனை வாடிக்கையாளர் கிடைப்பார்கள் என்று பார்க்கும் பெரிய நிறுவனம் எதுவும் அந்த மலைக்கு வடம் இழுத்திருக்காது. சங்கத்தின் உரிமையாளரும் பயனாளியும் ஒருவரே என்பதால்தான் இது நடந்தது என்பது என் உறுதியான எண்ணம். அதே வேளையில், அங்கே கிடைக்கும் வேலைகளில் பல வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் மணிக்கூலி வேலைகள். அந்த நிறுவனங்கள் நாளை வேறு இடத்தை நாடினால் என்ன ஆகும் என்ற கவலையும் நியாயமானதே. பைக்வில் நகரில் சுரங்கத் தொழிலாளர்களைக் கணினி நிரலர்களாகப் பயிற்றுவிக்க ஒரு சிறு நிறுவனம் 2015-இல் தொடங்கியபோது, ஏறத்தாழ பத்து இடங்களுக்கு 900-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கற்கும் ஆர்வம் மக்களிடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. குறைவாக இருந்தது இடம்தான்.

மேற்கு வர்ஜீனியாவில் கோல்ஃபீல்ட் டெவலப்மென்ட் என்ற அமைப்பு வேறொரு வழியில் போகிறது. அங்கே சேருபவர்கள் வாரத்தில் 33 மணி நேரம் கூலிவேலையும், 6 மணி நேரம் கல்லூரிப் படிப்பும், 3 மணி நேரம் வாழ்க்கைத் திறன் பயிற்சியும் பெறுகிறார்கள். கட்டடம், வேளாண்மை, சூரிய ஆற்றல் எனப் பல தொழில்களில் கால்பதிப்பதால், ஒன்று சரிந்தாலும் மற்றது தாங்கும்.

2022 ஜூலை 28 அன்று கிழக்குக் கென்டக்கியில் பெய்த பெருமழையில் ஓடைகள் பெருக்கெடுத்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீடிழந்தவர்கள் மேட்டு நிலத்துக்குப் போகத் துடித்தார்கள். ஆனால் அந்த மலைகளில் வீடு கட்டும்படியான சமதளமான மேட்டு நிலம் பெரும்பாலும் நிலக்கரிக்காகத் தலை சீவப்பட்ட மலைகளின் உச்சியில்தான் கிடைக்கும்; அவற்றில் பெரும்பகுதி நிறுவனங்களிடம் இருந்தது. மாநில அரசு சில இடங்களைக் கொடையாகவும் கிரயமாகவும் பெற்று, நாட், பெர்ரி முதலிய கவுன்டிகளில் புதிய குடியிருப்புகளை எழுப்பத் தொடங்கியது. மலைமக்களின் கையை விட்டு நிறுவனங்களிடம் போன நிலத்தில் ஒரு சிறு பகுதி, மனை மனையாக, மலைக்குடும்பங்களின் பெயருக்கு இப்போது திரும்பி எழுதப்படுகிறது.