எண்ணெயில் நனைந்த பறவைக்கு ஒரு ஆல்பம்! யார் இந்த ஸாக்கரி ரிஷார்?

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்று வெடிக்கிறது. 11 தொழிலாளர்கள் பலி. 87 நாள் கச்சா எண்ணெய் கடலில் கொட்டுகிறது. அந்த வளைகுடாக் கரையில் இருக்கும் அமெரிக்க மாநிலமான லூசியானாவில் ஸாக்கரி ரிஷார் என்ற பாடகர் பாட்டு எழுத உட்காருகிறார். "பாட்டுப் பாடினால் எண்ணெய் நின்றுவிடுமா?" என்று கமென்ட் போடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

(திரையில்: வரைபடம்)

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். 1755ல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பக்கம் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களான அக்கேடியர்களைப் பிரிட்டிஷ்காரர்கள் கப்பலேற்றி விரட்டினார்கள். எங்கெங்கோ அலைந்து லூசியானா வந்தவர்களின் வம்சம்தான் கேஜன்கள். அங்கேயும் 1921க்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. 1950ல் பிறந்த ரிஷார் அதே பிரெஞ்சில் பாட்டுக் கட்டினார். அவ்வளவுதான், பறவைக்கு வருவோம்!

(திரையில்: பழுப்புக் கூழைக்கடா)

இது லூசியானாவின் மாநிலப் பறவை. ஆனால் 1960களில் அந்த மாநிலத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. காரணம், டிடிடி, எண்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள். கூழைக்கடா முட்டைமேல் காலை வைத்து அடைகாக்கும். டிடிடியால் ஓடு மெலிந்துபோக, தாயின் பாரத்திலேயே முட்டை உடைந்தது. பெற்றவள் காலடியிலேயே! அப்புறம் 1968லிருந்து ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2009 நவம்பரில் "இனி அழியும் பட்டியலில் இல்லை" என்று அரசு அறிவித்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, எண்ணெய் வந்துவிட்டது.

அந்தக் கூழைக்கடாவைத்தான் ரிஷார் 'லெ கிராங் கோசியே' (பெரிய தொண்டைக்காரன்) என்று பாடி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டினார். எண்ணெய் நிற்கவில்லைதான். ஆனால் வலை போட முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்த மீனவருக்குப் பாட்டு பணமாகப் போனது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2012ல் வந்த 'லெ ஃபூ' ஆல்பம். எண்ணெயில் சிக்கி முதலில் மீட்கப்பட்ட கேனட் என்ற கடல் பறவையின் பிரெஞ்சுப் பெயர் அது. கேனட்கள் கனடாவின் கிழக்குக் கரையில் குஞ்சு பொரித்து, குளிருக்கு வளைகுடா வரை இறங்கி வரும். அக்கேடியர்களும் அங்கிருந்து இங்கே வந்தவர்கள்தானே! பறவைக்கு ரிட்டர்ன் டிக்கெட் உண்டு. இவர்களில் பலரோ பிரான்ஸ் வரை போய், 1785ல் ஏழு கப்பல்களில் லூசியானா வந்து இறங்கினார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: ரிஷாரின் லஃபாயெட் வட்டாரமே எண்ணெய்த் தொழிலில் பிழைக்கிறது. அண்ணன் எண்ணெய் மேடையில், தம்பி இறால் படகில் என்றால் யாரைத் திட்டிப் பாடுவது? "பூமியைக் காப்போம்" என்று பொத்தாம்பொதுவாகப் பாடியிருந்தால் நான் இந்த வீடியோவே போட்டிருக்க மாட்டேன். அவர் ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டார், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்காதீர்கள், எனக்கும் தெரியாது. கேட்டுவிட்டு எந்தப் பாட்டு பிடித்தது என்று கமென்டில் எழுதுங்கள். சப்ஸ்கிரைப் பட்டன் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.