விதைநெல்லும் உவர்ப்புல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

விதைநெல்லைப் பிரிக்க உப்புக்கரைசல் வைப்பது உங்களில் பலருக்குப் பழக்கமாக இருக்கும். வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மேலே மிதந்து கொஞ்சம் தலைகாட்டுகிற வரைக்கும் உப்பைக் கரைப்போம். நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், திரண்ட மணி அடியில் தங்கும். அதோடு விடுவோமா? அடியில் தங்கியதை அள்ளி நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுவோம். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும். அந்த அலசலை மறந்துவிடாதீர்கள், திரும்ப அதற்கு வருவேன்.

நான் பல வருடமாகப் பின்தொடர்கிற புல்லின் பெயர் ஸ்பார்ட்டினா. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரச் சேற்றில், கடல் ஏறி இறங்குகிற இடத்தில் ஆளுயரம் நிற்கும். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதில் நெல்லை நட்டால் கருகிவிடும். இந்தப் புல்லோ பெரும்பங்கு உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. மீறி ஏறியதை இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறிய பிறகு இலையைத் தடவிப் பாருங்கள், விரலில் நறநறவென்று ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பேதான்.

இவ்வளவு உப்பைத் தாங்கும் புல்லின் விதை எப்படிப்பட்டது? அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஓர் இலையுதிர் காலத்தில் கதிர்களை உருவி வந்தேன். அம்மா விதைநெல்லைக் காயவைத்துக் கட்டிவைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா? நானும் நிழலில் நன்றாக உலர்த்தி டப்பாவில் மூடிவைத்தேன். வசந்தத்தில் ஈரத்தாளில் பரப்பி, தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பக்கத்து மேசைத் தோழி, அதே நாள் பறித்த விதையை உப்புநீர் பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். அதை எடுத்து நல்ல தண்ணீருக்கு மாற்றினாள். சில நாளில் பச்சை முனைகள் எழும்பிவிட்டன. இந்த விதை காய்ந்தால் செத்துவிடும். ஈரத்திலும் குளிரிலும் வைத்தால்தான் உயிரோடு இருக்கும், அதுவும் ஒரு வருடம் தாண்டுவது அரிது.

பாருங்கள், உப்புநீர் அந்த விதையைக் கொல்லவில்லை, உறங்கத்தான் வைத்தது. நல்ல தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டது. நாம் நெல்லை அலசுகிறோம். கடற்கரையில் அந்த அலசலை மழையும் ஆற்றுநீரும் செய்கின்றன. வளர்ந்த புல் தாங்குகிற உப்பிலே விதை முளைக்கத் தயங்கும். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: புல்லின் தாங்குதிறன் வேறு, விதையின் தாங்குதிறன் வேறு.

சீனாவுக்கு இந்தப் புல்லை 1979இல் கொண்டுபோனார்கள். கரை அரிக்காமல் காக்கும், சேற்றைப் பிடித்து நிலம் உயர்த்தும் என்று நம்பித்தான் நட்டார்கள். பிடித்தது உண்மை. ஆனால் நிற்கவில்லை, 50 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவிவிட்டது. ஷாங்காய்க்கு அருகே, யாங்சி ஆறு கடலில் கலக்கிற இடத்தில் சோங்மிங் தீவு இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வரும் கொக்குகள் உள்ளூர்க் கோரையின் கிழங்கைக் கிளறித் தின்னும். அந்தக் கோரையை ஸ்பார்ட்டினா நெருக்கித் தள்ளியது. கிட்டத்தில் பரவுவது வேர்த்தண்டால். தொலைவில் புதுத் திட்டு தோன்றுவது, அலையில் மிதந்து வந்த விதையால்.

ஒழிக்கும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: சோங்மிங்கில் கரை கட்டி வளைத்து, விதை முற்றும் முன்பே பூக்கும் பருவத்தில் அறுத்து, மாதக்கணக்கில் முழங்கால் ஆழத்துக்கு நீர் தேக்கி வேரை மூச்சுத்திணற வைத்தார்கள். விதை சேற்றில் ஆண்டுக்கணக்கில் தங்காது என்பதால், ஒரு பருவம் கதிர் முற்றவிடாமல் தடுத்தாலே அடுத்த வசந்தத்தில் அங்கிருந்து விதை போகாது. நன்றி, வணக்கம்.