எழுவதற்கு முன் ஒரு நொடி
(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)

பெரியவர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். ஒரு கையைப் பிடரியில் வையுங்கள், மண்டையோடு கழுத்தில் முடிகிற இடத்தில். அப்படியே எழுந்திருங்கள்.

இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பும் முன்பே பிடரி இறுகியதா? தலை பின்னுக்குப் போனதா? ஏறக்குறைய ஐந்து கிலோ கனமுள்ள தலையை, எழும்போதெல்லாம் இப்படி முதுகுத்தண்டின்மேல் அமுக்குகிறோம்.

இதைக் கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தவர் 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்த மத்தியாஸ் அலெக்சாண்டர். மேடையில் செய்யுள் ஒப்பிப்பவர். மேடையேறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். பேச வாயெடுத்ததுமே தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அமுக்குவதைக் கண்ணாடியில் கண்டார். சரி, தலையை முன்னே கொண்டுவருவோம் என்று முயன்றார். கொண்டுவந்துவிட்டதாகவே உணர்ந்தார், கண்ணாடியில் தலை பின்னேதான் போயிருந்தது. உடம்பைப் பயன்படுத்தும் பழக்கத்தைத் திருத்த அவர் வகுத்த அலெக்சாண்டர் முறையின் உயிர்நாடி இதுதான். பழகிப்போன கோணல் நமக்கு நேராகத் தெரியும்.

அதனால்தான் பிள்ளைகளிடம் "நிமிர்ந்து உட்காரு" என்பது பலிப்பதில்லை. இடுப்பை வளைத்து, நெஞ்சைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் களைத்துக் கூன் விழும்.

முதலில் நிறுத்த வேண்டும். எழ நினைத்ததும் எழாதீர்கள். கழுத்து தளரட்டும், தலை முன்னும் மேலுமாகப் போகட்டும், முதுகு நீண்டு அகலட்டும் என்று மனத்துக்குள் சொல்லுங்கள். தசையால் செய்யப் போனால் கெட்டது. பிறகு பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து, இடுப்பு மூட்டில் மடங்கி முன்னே வாருங்கள். அந்த மூட்டு தொடையிடுக்கில் இருக்கிறது. கைலி கட்டும் இடத்தில் அல்ல.

செம்பனை அறுக்கும் அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒன்று. உயர்ந்த மரத்தில் குலை பார்க்கும்போது கழுத்தின் அடியை மடக்குகிறீர்கள். தலை கழுத்தோடு சேரும் மூட்டு அதைவிட மேலே, இரண்டு காதுகளுக்கும் நடுவே இருக்கிறது. முதலில் கண், அடுத்து அந்த மூட்டில் தலை, அப்புறம் மேல்முதுகு என்று வரிசையாக மேலே போகட்டும். இடம் இருந்தால் ஓரடி பின்னே தள்ளி நில்லுங்கள், அண்ணாந்து பார்க்கும் அளவு குறையும். குலை விழுந்ததும் பார்வையை இறக்குங்கள்.

வேலை முடிந்து வந்ததும் பாய் விரித்துப் பதினைந்து நிமிடம் மல்லாந்து படுங்கள். மெத்தை வேண்டாம், அது அமுங்கும். முழங்கால் மடங்கிக் கூரையைப் பார்க்கட்டும், கை வயிற்றின்மேல். தலைக்குத் தலையணைக்குப் பதில் இரண்டு மூன்று பாடப்புத்தகங்கள். மோவாய் மேலே தூக்கினால் ஒன்று கூட்டுங்கள். தொண்டை அமுங்கினால் ஒன்று எடுங்கள். கண் திறந்திருக்கட்டும். எழும்போது பக்கவாட்டில் புரண்டு எழுங்கள்.

பிரிட்டனில் நாள்பட்ட முதுகுவலிக்காரர் 579 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் வலித்த நாள் நடுமதிப்பில் 21. அலெக்சாண்டர் முறையை ஆசிரியரிடம் 24 பாடம் கற்றவர்களுக்கு 3. ஆசிரியரின் கைதான் நம் உணர்வைத் திருத்துகிறது; தனியே பழகினால் அந்த அளவு பலனை எதிர்பார்க்காதீர்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ பாயை விரிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுபடி கையைப் பிடரியில் வையுங்கள். "எழுங்கள்" என்பேன், எழாதீர்கள். அந்தச் சொல் காதில் விழும்போது விரலுக்கடியில் என்ன நடக்கிறதென்று மட்டும் கவனியுங்கள்.

எழுங்கள்.