மெனோபாஸ், தைராய்டு மாத்திரை, நடுவுல ஒரு புரோஜெஸ்ட்ரோன் கிரீம்

[திரையில்: தைராய்டு மாத்திரை அட்டை, பக்கத்துல ஒரு கிரீம் டியூப்]

தைராய்டு குறைவுக்கு வருஷக்கணக்கா மாத்திரை எடுத்துக்கிறீங்க. இப்போ மெனோபாஸும் சேர்ந்துடுச்சு. திடீர்னு முகமெல்லாம் அனல் அடிக்குது (இதைத்தான் ஹாட் ஃப்ளாஷ்னு சொல்றாங்க), ராத்திரி வியர்த்து நனைஞ்சு எழுந்து உட்கார்றீங்க. யாரோ சொல்றாங்க: "புரோஜெஸ்ட்ரோன் கிரீம் தடவிப் பாரு, இயற்கையானது, தைராய்டுக்கும் நல்லது." புரோஜெஸ்ட்ரோன்ங்கிறது பெண்கள் உடம்புல சுரக்குற ஒரு ஹார்மோன். இந்தப் பேச்சுல எது உண்மை, வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்? வாங்க, பார்க்கலாம்.

கிரீமுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு: டிஎஸ்எச். தைராய்டு மாத்திரையோட அளவு சரியா இருக்கான்னு காட்டுறது இதுதான். கடைசியா எப்போ பார்த்தீங்க?

ஏன் கேட்கிறேன்னா, மெனோபாஸும் தைராய்டும் ஒரே மாதிரி தொல்லையைத்தான் கொடுக்கும். அசதி, எடை கூடுறது, முடி கொட்டுறது, மறதி, மனச்சோர்வு, பீரியட்ஸ் முன்னப்பின்ன வர்றது. இது எல்லாமே தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன், உங்க மாத்திரையில இருக்கிறதும் அதுதான்) பத்தலைன்னாலும் வரும், மெனோபாஸ்லயும் வரும். மாத்திரையோட அளவு கூடிப்போனாலோ, வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல்! பார்த்தா அப்படியே ஹாட் ஃப்ளாஷ்.

இந்தக் குழப்பத்தைச் சாதாரணமா விட்டுடாதீங்க. மெனோபாஸுக்கு அப்புறம் எலும்பு எப்படியும் வேகமா தேயும். தைராக்ஸின் அளவுக்கு மிஞ்சி ஓடினா அந்தத் தேய்மானம் இன்னும் கூடும், இதயத் துடிப்பும் தாளம் தப்பலாம். அதை ஹாட் ஃப்ளாஷ்னு நினைச்சு மாசக்கணக்கா கிரீம் தடவிக்கிட்டே இருந்தா, உண்மையான காரணம் அப்படியே மறைஞ்சு கிடக்கும். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவங்களுக்கு மட்டும் டாக்டரே வேணும்னு மாத்திரை அளவைக் கூட்டி டிஎஸ்எச்-ஐ குறைச்சு வெச்சிருக்கலாம். அவங்க மாத்திரை அளவை அவங்களா மாத்தவே கூடாது.

இன்னொரு விஷயம், முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு. அதிக அளவு பயோட்டின் சில லேப் முறைகள்ல தைராய்டு முடிவையே தப்பாக் காட்டும். ரத்தம் கொடுக்குறதுக்கு ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்திடுங்க. லேப்லயும் சொல்லிடுங்க.

[திரையில்: கல்லீரல், அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம்]

சரி, டிஎஸ்எச் பார்த்தாச்சு, சரியா இருக்கு. இப்போ கிரீம் தைராய்டு மாத்திரையோட மோதுமா?

தைராய்டு மாத்திரையோட கணக்கை மாத்துறது முக்கியமா ஈஸ்ட்ரோஜன்தான் (மெனோபாஸ் தொல்லைக்குக் கொடுக்கிற இன்னொரு பெண் ஹார்மோன்), அதுவும் வாய்வழியா எடுக்கிற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. குடல்ல இருந்து அது நேரா கல்லீரலுக்குப் போகும். ரத்தத்துல தைராக்ஸினைப் பிடிச்சு வெச்சுக்கிற ஒரு புரதத்தைக் கல்லீரல் அப்போ அதிகமா செய்ய ஆரம்பிக்கும். கட்டுப்படாம சும்மா ஓடுற தைராக்ஸின்தான் உடம்புக்கு வேலை செய்யும், அது குறைஞ்சிடும். நல்லா இருக்கிற தைராய்டு சுரப்பின்னா இன்னும் கொஞ்சம் சுரந்து ஈடுகட்டிடும். மாத்திரையை நம்பி இருக்கிறவங்களுக்கு அந்த வழி இல்லை. 2001ல வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவா காட்டுச்சு: தைராய்டு குறைவுள்ள பெண்கள் சிலருக்கு, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பிச்ச பிறகு தைராக்ஸின் அளவைக் கூட்ட வேண்டியிருந்துச்சு. தோல்ல ஒட்டுற பேட்ச், தடவுற ஜெல் வழியா ஈஸ்ட்ரோஜன் போனா இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. தைராய்டு இருக்கிறவங்க டாக்டர்கிட்ட பேட்ச் பத்திக் கேட்குறது நல்லதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

புரோஜெஸ்ட்ரோன் அந்தப் புரதத்தை அப்படிக் கூட்டுறது இல்லை. அதனால கிரீம் உங்க தைராய்டு மாத்திரையைக் கெடுத்துடும்னு பயப்பட வேண்டாம். அதே சமயம், தைராய்டைச் சரிபண்ணும்னும் நம்பிடாதீங்க. 1990கள்ல ஜான் லீ என்ற அமெரிக்க டாக்டர் "ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்"னு ஒரு கருத்தைப் பரப்பினார். ஈஸ்ட்ரோஜன் தைராய்டு வேலையைத் தடுக்குது, புரோஜெஸ்ட்ரோன் கிரீம் தடவினா அது நேராகிடும்னு சொன்னாங்க. ஆனா கிரீம் தடவி தைராய்டு குறைவு குணமாகும்னு நிரூபணம் கிடையாது. இதை நம்பி மாத்திரையைக் குறைக்காதீங்க, நிறுத்தவும் செய்யாதீங்க.

சரி, ஹாட் ஃப்ளாஷுக்காவது கேட்குமா? 1999ல அமெரிக்காவுல ஓர் ஆய்வு. தினம் 20 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோன் உள்ள கிரீம் தடவின பெண்கள்ல ஹாட் ஃப்ளாஷ் இருந்தவங்க 100க்கு 83 பேருக்குக் குறைஞ்சுது. புரோஜெஸ்ட்ரோன் இல்லாத வெறும் கிரீம் தடவினவங்கள்ல 100க்கு 19 பேருக்குத்தான். எலும்புக்கு மட்டும் பலன் தெரியலை. 2003ல ஆஸ்திரேலியாவுல தினம் 32 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தாங்க. எந்த மாற்றமும் இல்லை. ஆக, சிலருக்கு உதவலாம், உறுதியாச் சொல்ல முடியாது.

[திரையில்: கர்ப்பப்பை, உள் சவ்வு தடிமனாகும் படம்]

நான் ரொம்பக் கவலைப்படுற இடம் இதுதான். கர்ப்பப்பை இருக்கு, ஈஸ்ட்ரோஜனும் எடுக்கிறீங்க. ஈஸ்ட்ரோஜன் தனியா போனா கர்ப்பப்பையோட உள் சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். பெப்பி என்ற அமெரிக்க ஆய்வுல, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்கள்ல மூணுல ஒருத்தருக்கு மூணு வருஷத்துக்குள்ள, புற்றுநோயா மாற வாய்ப்புள்ள மாதிரி சவ்வு தடிச்சுது. கூடவே புரோஜெஸ்ட்ரோனை மாத்திரையா எடுத்தவங்களுக்குப் பெரும்பாலும் அப்படி ஆகலை. அந்தப் பாதுகாப்பு தேவையான அளவுல கொடுத்த மாத்திரையால வந்தது. தோல் வழியா ரத்தத்துக்குள்ள போற புரோஜெஸ்ட்ரோன் குறைவு, ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். சவ்வைக் காக்க அதை நம்பவே கூடாது. நுண்தூளாக்கின புரோஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூல், இல்லைன்னா ஹார்மோன் உள்ள கருத்தடைக் கருவி, இதுல எது பொருந்தும்னு டாக்டர் பார்ப்பாங்க. சில கேப்ஸ்யூல்கள்ல வேர்க்கடலை எண்ணெய் இருக்கும், அந்த ஒவ்வாமை இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டவங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவா தேவைப்படாது.

"எச்சில் டெஸ்ட்ல புரோஜெஸ்ட்ரோன் நல்லா ஏறியிருக்கே"ன்னு சிலர் காட்டுவாங்க. கிரீம் தடவினா எச்சில்ல அளவு ரொம்பவே எகிறும், ரத்தத்துல அப்படி இருக்காது. சவ்வு பத்திரமா இருக்குன்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

வாங்கத்தான் போறீங்கன்னா லேபிளைப் படிங்க. ஒரு தடவைக்கு எத்தனை மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோன்னு எழுதியிருக்கணும். காட்டு வள்ளிக்கிழங்குச் சாறுன்னு மட்டும் போட்டிருந்தா அதுல புரோஜெஸ்ட்ரோனே இல்லாம இருக்கலாம். அந்தக் கிழங்குல டயோஸ்ஜெனின்னு ஒரு தாவரப் பொருள் உண்டு. 1940கள்ல ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் அதை ஆய்வகத்துல புரோஜெஸ்ட்ரோனா மாத்திக் காட்டினார். நம்ம உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. தடவின இடம் காயுற வரைக்கும் குழந்தைகள் மேல படாம பார்த்துக்குங்க.

மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ டாக்டரைக் கேட்காம தொடவே தொடாதீங்க. பீரியட்ஸ் நின்னு 12 மாசத்துக்கு அப்புறம் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே போய்க் காட்டணும்.

எந்த ஹார்மோன் ஆரம்பிச்சாலும், மாத்தினாலும், ஆறிலிருந்து எட்டு வாரத்துல டிஎஸ்எச்-ஐ இன்னொரு முறை பாருங்க. மெனோபாஸ்ல எலும்புக்குன்னு கால்சியமும் ஆரம்பிச்சிருப்பீங்க. தைராய்டு மாத்திரையைக் காலையில வெறும் வயித்துல போட்டுட்டு, கால்சியத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. மாத்திரை வேலை செய்யலைன்னு நினைக்கிறப்போ, இந்த இடைவெளி இல்லாததும் காரணமா இருக்கலாம்.

டாக்டர் என்ன மருந்து எடுக்கிறீங்கன்னு கேட்டா, கிரீம் நம்ம நினைவுக்கே வராது. அதனால அடுத்த முறை போகும்போது டியூபையே கையோட எடுத்துட்டுப் போங்க.