மோர் கடைந்த கை மரமும் கடையும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆலய மண்டபம் ஒன்றில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசை அக்காவிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறேன். வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். நான் பேசி முடிப்பதற்குள் அது கடைசி வரிசை வரை போய் வரட்டும். என்ன மரம் என்று யாராவது சொல்ல முடியுமா? தேக்கா? இல்லை. பலாவா? பலா இன்னும் மஞ்சளாக இருக்கும். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கும் பாட்டி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். பால்மரம். ரப்பர் மரமேதான்.

முப்பது வருடம் அந்த மரத்தின் முன்னால் நின்றவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நமக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அதன் பிறகு இந்த நாடெங்கும் ரப்பர் காடு விரிந்ததையும், அந்தக் காட்டில் நம்மவர்கள் பட்ட பாட்டையும் இந்த மண்டபத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்துக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் ஒரு காலத்தில் வெறும் விறகு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும் செங்கல் சூளைக்கும் போனது. ஈரமாக விட்டால் சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணம் படரும், வண்டு துளைக்கும், அதனால் யாரும் அதை மதிக்கவில்லை. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் ஆய்வு செய்து, போரான் மருந்து ஏற்றிச் சூடான அறையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பல் ஏறியது. 1980-களிலிருந்து அது பெரும் தொழில்.

பாலை எடுத்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். மரம் தொழிலான போது அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? செம்பனை என்ற எண்ணெய்ப் பனை வந்தது, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது, தோட்டத்து லயத்திலிருந்து தாமான் குடியிருப்புக்கு வந்தோம், தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினோம். பால் வெட்டும் உளி கையை விட்டுப் போய்விட்டது. அந்த உளியைத் திரும்பக் கையில் எடுக்கலாம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மரத்தைச் சுழல விட்டு, அதன்மேல் உளியை வைத்துச் செதுக்கி உருட்டுவதற்குத் தமிழில் கடைசல் என்று பெயர். கட்டில் கால், பம்பரம், பூரிக்கட்டை, குழந்தைகளின் சொப்புச் சாமான் எல்லாம் கடைசல் வேலை. மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இது தற்செயலாக வந்த ஒற்றுமை என்று நான் நினைக்கவில்லை. மத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையை இழுத்து மறு முனையை விட்டு, முன்னும் பின்னும் சுழற்றினார்கள் நம் பாட்டிமார்கள். மின்சாரம் வருவதற்கு முன் மரக்கடைசல் பட்டறையிலும் அதுவேதான் நடந்தது. ஒருவர் கயிற்றை இழுப்பார், மரம் முன்னும் பின்னும் சுழலும், இன்னொருவர் உளி பிடிப்பார். அடுப்படியில் பெண்கள் காலங்காலமாகச் செய்த அசைவைப் பட்டறைக்குள் ஆண் வேலை என்று யார் சொன்னது?

என் அம்மா பால் வெட்டியவர். சாயங்காலம் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து உளி தீட்டுவார். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர், பிறகு அந்த வளைந்த வாயை மெதுவாக உருட்டி உருட்டித் தேய்ப்பார். கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடியும் தீட்டு, நகத்தில் பிடித்து நின்றால் போதும். மறுநாள் விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவும்போது ஒரு மில்லிமீட்டர் கனம்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாக வளரும், வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் பேச்சும் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். இவ்வளவு நுட்பமாக உளி பிடித்த கைக்குக் கடைசல் வராது என்றால் நான் நம்பமாட்டேன்.

நான் தையல்காரி. ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் மரவேலை கற்க ஆசை வந்தது. ஒரு நகரத்தில் வார இறுதி வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். பன்னிரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. இரண்டு நாளும் எனக்குக் கிடைத்தது உப்புத்தாள். அவர்கள் கடைந்து முடித்ததை நான் தேய்த்துக் கொடுத்தேன். இயந்திரத்தின் அருகே போனபோது, "உங்களுக்குப் பலம் போதாது அம்மா" என்று பயிற்றுநர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு என்னை ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது.

பிறகு பம்பரம் கடையும் மலாய்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுக்கு என் தோழி அழைத்துப் போனாள். கடைசலை அவர்கள் லாரிக் என்பார்கள். அந்தப் பெரியவரை பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். பாக்சிக் என்னை இயந்திரத்தின் முன் நிற்கச் சொன்னார். நின்றேன், உளி பிடித்த கை தோள் வரை தூக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மாச்சிக், அந்த வீட்டு அம்மா, ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தடித்த பலகை ஒன்றைக் கொண்டு வந்து என் காலடியில் போட்டார். ஏறி நின்றதும் சுழலும் மரத்தின் நடு மையம் என் முழங்கைக்கு நேராக வந்துவிட்டது. என் பலம் ஒரு துளியும் கூடவில்லை, ஆனால் வேலை பாதியாகக் குறைந்தது. உயரமான ஆணுக்கு அமைத்த இயந்திரத்தின் முன் குள்ளமான பெண்ணை நிறுத்திவிட்டு அவளுக்குப் பலமில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். உளியின் தண்டு முதலில் இரும்புத் தாங்கியின் மேல் அமர வேண்டும். அடுத்து, கூர்முனைக்குப் பின்னால் இருக்கும் சரிவு சுழலும் மரத்தைத் தொட வேண்டும். அப்போது அது வெட்டாது, வெறுமே உரசும். பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் ஒரு கட்டத்தில் மெல்லிய சீவல் சுருள ஆரம்பிக்கும். கையால் தள்ளக் கூடாது. பிடியை இடுப்போடு ஒட்டி வைத்து, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினால் உளி தானாக நகரும். ஈர ரப்பர் மரமாக இருந்தால் சீவல் ரிப்பன் ரிப்பனாகத் தோளுக்கு மேல் பறக்கும். நான் சிரித்துவிட்டேன், மாச்சிக்கும் சிரித்தார்.

சரிவைத் தொட விடாமல் முனையை நேராகக் குத்தினால் மரம் உளியைக் கடித்து இழுக்கும். எனக்கும் நடந்தது. படார் என்ற சத்தம், இயந்திரத்தின் பிடியிலிருந்து கட்டை பிடுங்கிக்கொண்டு சுவரில் மோதியது. நான் அதன் நேரே நிற்கவில்லை, முகத்தடுப்பும் போட்டிருந்தேன். அதனால்தான் இன்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுவதையும் மூடும் தடுப்பு வேண்டும். தூசிக்கு மூக்குக் கவசம் வேண்டும். கையுறை கூடவே கூடாது. சுழலும் மரம் கையுறையைப் பிடித்தால் கையோடு இழுக்கும். சேலை, துப்பட்டா, தொளதொளத்த கை, தொங்கும் பின்னல், வளையல், மோதிரம் எதுவும் கூடாது. தாலியைப் பற்றிப் பல அக்காமார்கள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். கழற்ற மனம் வராதவர்கள், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டைக்குள் விட்டு அதன்மேல் ஏப்ரனை இறுகக் கட்டுங்கள். வெளியே தொங்க விட்டுக்கொண்டு வந்தால் நான் இயந்திரத்தின் அருகே விடமாட்டேன். இந்தக் கேள்வியை ஆண்கள் நிறைந்த வகுப்பில் உங்களில் யார் கேட்டிருப்பீர்கள்? பெண்களுக்கு முதலில் தனி வகுப்பு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

வேகத்தைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. மரத்தின் விட்டம் எத்தனை அங்குலமோ, அதை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும். பத்து அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று வரை. புதிதாகக் கற்பவர்கள் கீழ் எண்ணிலேயே நில்லுங்கள்.

வெளிநாடுகளில் இதற்கெனச் சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் 1986-இல் தொடங்கியது, இன்று அதற்கு நூற்றுக்கணக்கான ஊர்க் கிளைகள். மாதம் ஒரு முறை கூடுவார்கள், ஒருவர் செய்து காட்டுவார், மற்றவர்கள் தாங்கள் கடைந்ததை மேசையில் வைத்துக் குறை நிறை பேசுவார்கள். புதியவர்களுக்குப் பழகியவர் ஒருவர் துணை இருப்பார். அந்தச் சங்கத்தின் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் பெட்டி ஸ்கார்பினோ என்ற பெண் கலைஞர். ஆனாலும் அங்கேயும் பெண்கள் குறைவுதான். அதை உணர்ந்து, பெண் கடைசல்காரர்களுக்கென்றே சங்கத்துக்குள் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால் நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நமக்கு என்ன வழி? கடைசல் இயந்திரத்தைத் தனி ஒருத்தியாக வாங்குவது கடினம். ஆனால் இந்த ஊருக்குக் கூட்டாக வாங்கத் தெரியும். நம் ஊரில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். இருபது பெண்கள் சேர்ந்து மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டால் சில மாதங்களில் ஒரு சிறிய மேசை இயந்திரம் வந்துவிடும். உளிகளில் முதலில் மூன்று போதும், ஆனால் சாணைக்கல் கட்டாயம் வேண்டும். பலம் வேண்டும் என்று புலம்புகிறவர்களிடம் பெரும்பாலும் மழுங்கிய உளிதான் இருக்கிறது.

நம் ஊரிலேயே சமூகக் கல்லூரி இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிக்கு இருபது பெண்கள் கையெழுத்திட்டுக் கேட்போம். ஒருத்தி கேட்டால் பார்க்கலாம் என்பார்கள், இருபது பேர் கேட்டால் நாள் குறிக்க வேண்டிவரும்.

மரத்துக்குப் பஞ்சமே இல்லை. சாலையோரம் சாயும் அங்சானா, கொல்லைப்புறத்து ரம்புத்தான், மா, பலா எல்லாம் கடையலாம். செம்பனைத் தண்டு மட்டும் நார் நாராகப் பிரியும், அதை விட்டுவிடுங்கள். வெட்டிய மரத்தின் இரு முனைகளிலும் உடனே மெழுகு பூசுங்கள், இல்லாவிட்டால் வெடித்துவிடும். ரப்பர் மரம் என்றால் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே கடைந்துவிடுங்கள். கிண்ணத்தின் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்பாக விட்டு, சில மாதம் காய வைத்து, மறுபடியும் கடையுங்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் கிண்ணம் அப்படித்தான் இரண்டு முறை கடைந்தது. ஆனால் கிண்ணத்தில் தொடங்காதீர்கள். முதலில் பூரிக்கட்டை, அடுத்து பம்பரம்.

மண்டபத்தின் வலது ஓரத்தில் பாக்சிக்கிடம் இரவல் வாங்கிய இயந்திரம் இருக்கிறது. ரப்பர் கட்டை ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறேன், உளியையும் இன்று காலைதான் தீட்டினேன். காலடியில் பலகை போட்டாயிற்று. முதலில் வருகிறவர் வளையலைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது வரிசைப் பாட்டி, நீங்கள் வருகிறீர்களா?