முப்பது வருடம் கடலுக்குப் போனவருக்கு விஆர் கண்ணாடியில் ஏன் தலை சுற்றியது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். எந்த அலையிலும் வாந்தி எடுத்ததில்லை. பொருட்காட்சியில் விஆர் கண்ணாடி மாட்டி ரோலர்கோஸ்டர் காட்டினார்கள், இரண்டே நிமிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மொட்டைமாடி விளிம்பில் நிற்பதுபோல் காட்டியதும் கால் நடுங்கியது. பொய் என்று தெரிந்தும் ஏன் இப்படி?"

நல்ல கேள்வி தம்பி. விஆர் என்பது கண்ணை மூடி மாட்டும் கண்ணாடிக்குள்ளே நிஜம்போல் தெரியும் மெய்நிகர் காட்சி. முதலில் அப்பா. அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அதிலுள்ள திரவம் அசையும், மூளைக்குச் சேதி போகும். படகு ஆடும்போது காது 'ஆடுகிறோம்' என்கிறது, தொடுவானத்தைப் பார்க்கும் கண்ணும் அதையே சொல்கிறது. புதிதாகப் படகேறுகிறவரைத் தூரத்தில் பார்க்கச் சொல்வது அதனால்தான். கண்ணாடிக்குள்ளே கண் 'பாய்கிறோம்' என்கிறது, காதோ 'நாற்காலியில்தான் இருக்கிறோம்' என்கிறது. அப்பா பழகியது படகின் ஆட்டத்துக்கு, இந்தச் சண்டைக்கு அல்ல.

சரி, உங்கள் கால். நீங்கள் தலையைத் திருப்பினால் காட்சியும் அதே கணத்தில் திரும்புகிறது, குனிந்தால் கீழே தெரு தெரிகிறது. உடம்புக்கு அது போதும், அங்கே இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் 2009-ல் இதற்கு 'இட மாயை' என்று பொருள்படும் பெயர் வைத்தார். பொய் என்று தெரிந்தவருக்கும் அது வரும் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

இடம் மட்டுமா, 'நான்' என்பதும் இப்படி நகரும். 1998-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் கையை மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது!

ஆனாலும் மூளை முழுதாக ஏமாறுவதில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று குறித்துவைக்கும் 'இட செல்'களை ஜான் ஓ'கீஃப் 1971-ல் எலியின் மூளையில் கண்டார், 2014-ல் நோபல் பரிசும் பெற்றார். 2013-ல் நடந்த ஒரு சோதனையில், மெய்நிகர் பாதையில் ஓடிய எலிகளிடம் அந்தச் செல்கள் நிஜப் பாதையில் இருந்ததைவிடக் குறைவாகவே வேலை செய்தன. நம் ஊரை நினைத்துப் பாருங்கள். 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைக் கண்ணாடிக்குள் யாராவது கட்டிக் காட்டினால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஆனால் வீசுவது கச்சானா கொண்டலா என்று உங்கள் அப்பாவின் கன்னத்துக்கு அங்கே தெரியாது. அவருக்கு இடம் என்பதில் பாதி அந்தக் காற்றுதான்.

அப்புறம், அவர் மறுபடி மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் உட்காரவைத்து, அசையாத காட்சியில் ஆரம்பியுங்கள். ஒரு மின்விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள், குமட்டல் கொஞ்சம் குறையும். லேசாகச் சுற்றினாலும் உடனே கழற்றிவிடச் சொல்லுங்கள்.